1/144 அளவு ஏர்பஸ் ஏ330 விமான மாதிரி: கேபின் (பயணிகள் அறை) தெரிய வெட்டுவது எப்படி?

வெள்ளவத்தை வாசி: பிளாஸ்டிக் மாதிரிக் கிட்டின் இடப்பக்கத்தை வெட்டி எக்கனமி இருக்கைகளைக் காட்டப் போறன். எப்ப வெட்டுறது நல்லம்? என்ன அளவு?

பசைக்கை: உடலின் இரண்டு பாதியையும் ஒட்ட முதலே வெட்டுங்கோ தம்பி, பிறகு அறுத்தால் மூட்டு விரியும். உண்மை விமானத்தின் உடல் விட்டம் 5.64 மீற்றர், உங்கட மாதிரியில் 39 மி.மீ. அதில் இரண்டு பக்கத் தடிப்பையும் கழித்துத்தான் தளம். ஒரு வரிசையில் இருக்கை 2-4-2. வரிசைக்கு வரிசை 32 அங்குல இடைவெளி எண்டால் மாதிரியில் 5.6 மி.மீ. ஆகும். 6 எண்டு வைத்தால் பத்து வரிசையில் கிட்டத்தட்ட 4 மி.மீ. பிசகி, கதவுக்குக் குறுக்கே இருக்கை நிற்கும்.

வெள்ளவத்தை வாசி: தளத்துக்கு 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகடு காணுமோ அண்ணா?

பசைக்கை: காணும். அடியில் 20 மி.மீ.க்கு ஒரு விலா (குறுக்குத் தாங்கி) வையுங்கோ, இல்லாட்டி தொய்யும்.

ஈயக்குண்டு: ஜன்னல் பக்கம் சுப்பர் குளூ வேண்டாம், ஆவி பட்டு வெளுக்கும். வெள்ளைப் பசை போதும். மூக்குக்குள் பாரத்துக்கு ஈயம் வைக்க மறந்தால் மாதிரி பின்பக்கம் சாய்ந்து வாலில் குந்தும். கொழும்பு மழையில் லாக்கர் (மெருகுப் பூச்சு) ஸ்பிரே அடித்தால் பால்மாதிரிப் படியும், வெயில் வரட்டும்.