எங்கள் கன்னி இன நாய்க்குப் பதிவுச் சீட்டு கிடைக்கவில்லை. உங்களுக்கு எப்படி?

கயத்தாறு கரிசல்:
போன மாதம் நாட்டு நாய்ப் பதிவு முகாமுக்கு எங்கள் கன்னியைக் கொண்டுபோனேன். கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு செவலைப் பொட்டு, நிறத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. மதிப்பிட வந்த பெரியவர் கழுத்தில் வைத்த கையை எடுக்காமல் முதுகு, விலா என்று தடவிக்கொண்டே போனார். தொடையில் கை நின்றுவிட்டது. "தாய் தகப்பன்?" என்றார். கழுகுமலைப் பக்கம் மாமா வீட்டில் நான்கு தலைமுறையாக வருகிற வழி. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒப்பித்தேன். "எழுத்துல இருக்கா தம்பி?" என்று கேட்டார். அப்புறம், "கிரேஹவுண்ட் சதை மாதிரி இருக்கே" என்று தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். வெளிநாட்டுப் பந்தய நாய் கலந்திருக்கும் என்று சந்தேகம். நாயோ அவர் கையை நக்கிக்கொண்டு நிற்கிறது. வெளியாள் தொட்டாலே விலகிப்போகும் நாய் அது. இன்னும் உறுத்துகிறது.

பாளையங்கோட்டை வாசி:
என் கதை தலைகீழ். முத்திரை குத்திய சீட்டோடு ராஜபாளையம் குட்டி வாங்கினேன். தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர், தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சிப்பைப் படிக்கிற கருவியைக் கழுத்தில் ஓட்டினார், தோளில் ஓட்டினார். சத்தமே இல்லை. சீட்டில் 15 இலக்க எண் இருக்கிறது, நாய்க்குள் ஒன்றும் இல்லை. அதுகூடப் போகட்டும். ஒரு நாள் சில்வர் தட்டு கைதவறித் தரையில் விழுந்தது. தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓடின. இவன் என் காலடியில் அசையாமல் தூங்கினான். தூக்கம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பழைய பண்ணை:
கயத்தாறு தம்பி, சீட்டைப் பார்த்தா நம் தாத்தாமார் நாய் வளர்த்தார்கள்? ஊருக்கே தெரியும் எது எந்த வழி என்று. வாய்ச்சொல் போதும். நானும் ஒரு முகாமுக்குப் போய், வரிசையைப் பார்த்துத் திரும்பி வந்தவன்தான்.

பாளையங்கோட்டை அண்ணாச்சி, ராஜபாளையம் மாதிரி முழு வெள்ளை நாய்களில் காது கேளாமை வருவது தெரிந்த விஷயம். உட்காதில் நிறமி இல்லாவிட்டால் கேட்கும் செல்கள் பிறந்த சில வாரத்திலேயே செத்துப்போகும். இரண்டு காதும் போனால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் போன நாய்தான் ஆபத்து. கூப்பிட்டால் வரும், யாருக்கும் சந்தேகம் வராது, அதையே இணை சேர்த்துவிடுவார்கள். தட்டு தட்டிப் பார்ப்பதெல்லாம் அதற்கு உதவாது. மூளைக்குப் போகும் சிக்னலை அளக்கிற சோதனை தனியாக இருக்கிறது. அப்புறம், தகப்பனையே மகளுக்கு விடாதீர்கள். நிறம் கெட்டிப்படும் என்பார்கள். நோயும் சேர்ந்தே கெட்டிப்படும். குட்டி வாங்கும்போது தாயை நேரில் பாருங்கள். சிப் எண்ணைக் கருவியில் படிக்கச் சொல்லி, சீட்டோடு ஒப்பிட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். சீட்டு சொல்வது இன்னாருக்குப் பிறந்தது என்று மட்டும்தான், காது கேட்கும் என்று அது சொல்லாது.

பாளையங்கோட்டை வாசி:
வாய்ச்சொல் போதும் என்று ஆரம்பித்துவிட்டுச் சீட்டோடு ஒப்பிடு என்று முடிக்கிறீர்களே அண்ணாச்சி. நான் கேட்டது யோசனையும் இல்லை.

கோவில்பட்டிக்காரன்:
கன்னிக்காரர்கள் மனசு வேறு விதத்திலும் புண்பட்டிருக்கிறது. 2020ல் கர்னாலில் இருக்கிற தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் நாய் இனங்களைப் பதிவு செய்தபோது ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்நாடகத்து முதோலும் இடம்பிடித்தன. கன்னி இல்லை. சென்னையில் தலைமையகம் வைத்திருக்கிற, நாய் இனங்களைப் பதிகிற சங்கமான இந்திய கென்னல் கிளப்போ கன்னியைத் தனி இனமாகவே பதிகிறது. எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டால் கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே நாய், நிறம்தான் வேறு என்பார்கள். பெஞ்சின் அந்தக் கோடியில் இருப்பவர் அடிக்க வருவார்.

பழைய பண்ணை:
ஒரே நாய்தான். யார் வந்தாலும் சொல்வேன்.

கயத்தாறு கரிசல்:
நேற்று மாமாவுக்குப் போன் போட்டேன். பெரியவர் தொடையைப் பிடித்துச் சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பந்தயத்துக்காரன் ஒருத்தன் நாயைக் கொண்டாந்தான்டே. ஒரே ஒரு தடவதான் விட்டோம்" என்றார். எந்த ஈற்றில் மாமா என்று கேட்டேன். அங்கே மழை உண்டா என்று கேட்கிறார்.