மெட்டல் டிடெக்டர்காரன் கொள்ளைக்காரனா? சோமர்செட் வயலிலிருந்து கரூர் மணல் வரை

காசுப்பித்தன்:
"டிடெக்டர் தூக்கியவன் எல்லாம் திருடன்" என்று குழிவெட்டி வேறொரு இழையில் எழுதியிருந்தார். அங்கே பேச்சு எங்கோ போய்விட்டதால் பதிலை இங்கே வைக்கிறேன். இங்கிலாந்தைப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னமாக இல்லாத நிலத்தில், உரிமையாளர் சம்மதித்தால் டிடெக்டர் ஓட்டலாம். 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் கொரோனரிடம் (மரணங்களையும் புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) சொல்ல வேண்டும் என்கிறது 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அந்தச் சட்டத்துக்குள் வராத ஒற்றைச் செப்புக்காசு, வெண்கலக் கொக்கி போன்றவற்றையும் விரும்பிப் பதிவு செய்ய 1997-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். இன்று அதில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. பெரும்பகுதி எங்களைப் போன்றவர்கள் கொடுத்தது. மண்ணிலேயே விட்டிருந்தால் பத்திரமாக இருந்திருக்கும் என்பதும் சும்மா. கலப்பை வருடாவருடம் புரட்டுகிறது, உரத்தின் உப்பு செம்பை அரிக்கிறது.

குழிவெட்டி:
நான் எழுதியது "அனுமதியில்லாமல் தூக்கியவன்". பாதியை வெட்டிவிட்டு மீதியை ஒட்டாதீர்கள்.

கலப்பை வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 20–25 செ.மீ. உழவு மண் வரைக்கும்தான். அதற்குக் கீழே இருப்பதைத் தொட்டால் என்ன போகும் என்பதற்கு சோமர்செட்டில் 2010-இல் கிடைத்த ஃப்ரோம் பானையே போதும். உள்ளே 52,503 ரோமக் காசுகள், எடை சுமார் 160 கிலோ. தொல்லியலாளர்கள் அதை அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனிப் பையில் போட்டார்கள். காசுகளிலேயே பிந்தியவை, மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனை ஆண்ட கராசியஸ் காலத்தவை. யாராவது வருடக்கணக்கில் சேமித்த உண்டியலாக இருந்திருந்தால் அவை மேலே கிடக்க வேண்டும். ஆனால் பெரும்பாலானவை பானையின் பாதிக்கும் கீழே கிடந்தன. அதாவது மொத்தமும் ஒரே தடவையில் கொட்டப்பட்டது. வாளியில் அள்ளி வந்திருந்தால் காசு அத்தனையும் கிடைத்திருக்கும், இந்த ஒரு செய்தி மட்டும் கிடைத்திருக்காது.

காசுப்பித்தன்:
அந்தப் பானையைக் கண்டதே ஒரு டிடெக்டர்காரர்தான். காசைப் பார்த்ததும் நிறுத்தி, குழியை மூடிவிட்டு ஆளைக் கூப்பிட்டார். 1992-இல் ஹாக்ஸ்னியில், விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போனவரும் அதையேதான் செய்தார். அங்கே கிடைத்தது ஏறக்குறைய 15,000 காசு. உங்கள் உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

குழிவெட்டி:
நிறுத்தியவர்களை யார் குறை சொன்னார்கள்? நிறுத்தாதவர்களைப் பாருங்கள். 2015-இல் ஹியர்ஃபோர்ட்ஷயரில் ஒரு வைக்கிங் காலப் புதையல். தோண்டியவர்களின் போனில் அழிக்கப்பட்டிருந்த படங்களை மீட்டுப் பார்த்ததில் 300 காசு வரை இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. கைக்கு வந்தது முப்பது சொச்சம். வெசெக்ஸின் ஆல்ஃபிரட் மன்னரும் அண்டை நாடான மெர்சியாவின் மன்னர் இரண்டாம் சியோல்வுல்ஃபும் கூட்டாளிகளாக இருந்ததைக் காட்டும் காசுகள் அதில் உண்டு. மிச்சம் என்ன சொல்லியிருக்கும் என்பது விற்றவர்களோடு போயிற்று. 2019-இல் சிறைக்குப் போனார்கள், அதனால் காசு திரும்பிவிடவில்லை.

சூரியன், நிலா, விண்மீன்களைத் தங்கத்தில் பதித்த வெண்கலத் தட்டான ஜெர்மனியின் நெப்ரா வான்தட்டுக்கும் இதே கதி. 1999-இல் அனுமதியில்லாமல் தோண்டியவர்களின் கருவி பட்டு விளிம்பு நசுங்கியது, தங்கத் தகடு பிய்ந்தது. அது கூடப் பரவாயில்லை. தட்டோடு கிடைத்த வாள்களை வைத்துத்தான் காலம் கணித்தார்கள். இரண்டும் ஒரே குழியில்தான் இருந்தனவா என்று 2020-இல்கூட இரண்டு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். தோண்டியவர்கள் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஆம்பல்:
ஒரு சந்தேகம். இங்கிலாந்துச் சட்டத்தில் வெண்கலத்துக்கு இடமே இல்லையா?

காசுப்பித்தன்:
ஓட்டை இருந்தது, மறைக்கவில்லை. 2010-இல் கம்ப்ரியாவில் கிடைத்த கிராஸ்பி காரெட் ரோமத் தலைக்கவசம் ஒற்றை வெண்கலப் பொருள் என்பதால் "புதையல்" ஆகவில்லை. ஏலத்தில் 20 லட்சம் பவுண்டுக்கும் மேல் போனது, உள்ளூர் அருங்காட்சியகத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2023-இல் விதியை மாற்றினார்கள். 200 ஆண்டுக்கு மேற்பட்ட, தனிச்சிறப்புள்ள எந்த உலோகப் பொருளும் இப்போது வரம்புக்குள் வரலாம்.

குழிவெட்டி:
விலையைவிட இன்னொன்று உறுத்துகிறது. பல துண்டுகளாகக் கிடைத்த கவசத்தை ஏலத்துக்கு முன்பே ஒட்டிப் பளபளப்பாக்கிவிட்டார்கள். உடைசலை உடைசலாக ஆராயும் வாய்ப்பு அத்தோடு முடிந்தது.

கருவியிலேயே ஒரு கோணல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆணி நிறைந்த வயலில் இரும்பு ஒலியை அடக்கிவிட்டு நடக்கிறீர்கள். பட்டறையின் கசடு, குதிரை லாட ஆணி, கூரை ஆணி எதுவும் பதிவாவதில்லை. இரும்பை ஒட்டிக் கிடக்கும் காசும் பல நேரம் அதன் நிழலில் மறைந்துபோகும். பிறகு வரைபடத்தைப் பார்த்து "இங்கே வீடு இல்லை, காசு மட்டும்தான்" என்றால் எப்படி?

காசுப்பித்தன்:
நியாயமான அடி. போர்க்களக் கணக்கெடுப்பில் அதனால்தான் இரும்பை அடக்குவதில்லை. அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்னில் 1983-இல் புல் எரிந்த பிறகு, மறு வருடம் தொல்லியலாளர்கள் டிடெக்டர் தன்னார்வலர்களை வரிசையாக நடக்க வைத்தார்கள். ஒலி வந்த இடத்தில் ஒருவர் கொடி நடுவார். பின்னால் வருபவர் மண்ணை விலக்குவார், ஆனால் தோட்டாவை அசைக்க மாட்டார். மூன்றாவது குழு இடம், ஆழம், முனை பார்க்கும் திசை எல்லாவற்றையும் எழுதிய பிறகே எடுப்பார்கள். துப்பாக்கியின் ஊசி தோட்டாக் கூட்டில் பதிக்கும் தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அதை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றே கோடு போட்டார்கள். வெறும் குழி வெட்டி இதைச் செய்ய முடியுமா ஐயா?

குழிவெட்டி:
முடியாது. ஆனால் அங்கே வேலையை நடத்தியது தொல்லியலாளர், பொருள் போனது ஆவணக் காப்பகத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போகிறவர் இதில் எத்தனை செய்கிறார்?

காசுப்பித்தன்:
செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிடெக்டரின் அடியிலுள்ள தேடு வளையம் (coil) தரையை உரசாமல் ஓரிரு விரல் உயரத்தில் ஓட வேண்டும். போன தடத்தின் பாதியை அடுத்த வீச்சு மூட வேண்டும். புல்தரையில் மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டால் புல் மறுபடி பிடிக்கும். எடுத்த இடத்திலேயே ஜிபிஎஸ் எண், ஆழம், தேதியைப் பையின் மேல் எழுத வேண்டும், "வீட்டுக்குப் போய்" என்றால் கலந்துவிடும். பிரிட்டிஷ் வரைபடக் கட்ட எண்ணில் 8 இலக்கம் 10 மீட்டர் கட்டத்தைக் காட்டும், 10 இலக்கம் 1 மீட்டர் கட்டத்தை. உழவு மண்ணுக்குக் கீழே நிறம் மாறினாலோ, ஒரே இடத்தில் மூன்று நான்கு காசு வந்தாலோ கை எடுக்க வேண்டும். கட்டைவிரலால் தேய்த்துத் துடைக்காதீர்கள், ஒட்டியிருக்கும் மணலே காசின் முகத்தைக் கீறிவிடும். வினிகர் கூடவே கூடாது. வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது குளோரைடு உப்பால் வரும் வெண்கல நோய், ஈரம் பட்டால் வளரும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்து, அருங்காட்சியகக் காப்பாளரிடம் காட்ட வேண்டும்.

ஆம்பல்:
நம்மூரில் இது நடக்குமா? கரூர் அமராவதி மணலைச் சலித்துக் காசு எடுக்கிறார்களே, சேர மன்னன் மாக்கோதையின் வெள்ளிக்காசெல்லாம் அப்படித்தானே வெளியே வந்தது?

குழிவெட்டி:
ஆமாம், சேரர் வரலாற்றுக்கு அது பெரிய வரவு. ஆனால் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று சொல்ல முடியாததால் காசிலுள்ள எழுத்தின் வடிவத்தையும் அதில் பொறித்த முகத்தின் ரோமச் சாயலையும் பிடித்துக்கொண்டு காலம் பேச வேண்டியிருக்கிறது.

காசுப்பித்தன்:
ஆற்று மணலில் அடுக்கு ஏது? வெள்ளம் கொண்டுவந்து போட்டது. சலித்தவன் எதையும் கலைக்கவில்லை.

குழிவெட்டி:
மணலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் "கரூரில் கிடைத்தது" என்று கடைக்காரர் சொன்னால் அது மணலா, கரையோர மேடா? கைமாறிய பிறகு இரண்டுக்கும் ஒரே பெயர்தான். போலியும் அதே பெயரில் வருகிறது.

ஆம்பல்:
கிணறு வெட்டும்போது காசுப் பானை தட்டுப்பட்டால்?

குழிவெட்டி:
1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் முதலில் விஏஓவிடம் சொல்லுங்கள், தாசில்தார் வருவார். அதுவரை பானையைத் தூக்காதீர்கள், கழுவாதீர்கள். அதே மண்ணால் மூடி, மேலே ஒரு சாக்கைப் போட்டுவிட்டு, ஜேசிபியை நிறுத்துங்கள்.

காசுப்பித்தன்:
மூடுவதற்கு முன்னால், ஒரு ஸ்கேலை வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள்.