பாகிஸ்தானா வங்கதேசமா: பள்ளி வயதுப் பெண்பிள்ளைகளின் கணக்கு

கணக்கன்:
பெண்பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் வங்கதேசம் ஜெயித்துவிட்டது, பாகிஸ்தான் கோட்டை விட்டது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள், தலைக்கணக்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. 2023 கணக்கெடுப்பில் பாகிஸ்தானில் 24 கோடிப் பேர், 2022-இல் வங்கதேசத்தில் 17 கோடி. பள்ளி வயதுச் சிறுமிகளை மட்டும் எடுத்தால் இடைவெளி இன்னும் பெரிது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் வரி கட்டும் பெரியவர்கள் இரண்டு மடங்கு இல்லையே! வெறும் சதவீதத்தை வைத்து எப்படி ஒப்பிடுவது?

தென்றல்:
அந்த இரண்டு மடங்கு வானத்திலிருந்து குதித்ததா நண்பரே? இரண்டும் ஒரே நாடாக இருந்த 1951-இல் கிழக்கில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், சுமார் 4.2 கோடி, மேற்கில், இன்றைய பாகிஸ்தானில், 3.4 கோடி. கிழக்கில்தான் கூட்டம் அதிகம். எழுபதுகளில் இரண்டு பக்கமும் ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளைக்கு மேல். அப்புறம் வங்கதேசத்தில் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க் கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள், இப்போது அங்கே 2.3-க்குப் பக்கம். பாகிஸ்தானில் 2017-18 ஆய்விலும் 3.6. நீங்கள் சாக்காகச் சொல்லும் எண்ணிக்கையே கொள்கையின் விளைவுதான்.

கணக்கன்:
சரி, தாத்தா காலத்துத் தப்புக்கு இன்றைக்கு ஐந்து வயதுக் குழந்தை என்ன செய்யும்? நிலத்தையும் பாருங்கள். பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணம் ஒன்றே 3.47 லட்சம் சதுர கிலோமீட்டர், வங்கதேசம் முழுக்க 1.48 லட்சம்தான். பலுசிஸ்தானில் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வெறும் மலை, பொட்டல். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக யார் அனுப்புவார்கள்?

தென்றல்:
பலுசிஸ்தானில் இருப்பது ஒன்றரைக் கோடிப் பேர். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 12 கோடிக்கு மேல், அதுவும் கால்வாய் பாயும் சமவெளி, நெருக்கமான ஊர்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் தலைக்கணக்கில் அதிகம் இருப்பதும் அதே பஞ்சாபில்தான். தலைக்கணக்கு பார்க்கச் சொன்னது நீங்கள்தானே! வங்கதேசம் 1994-இல் கிராமத்து மாணவிகளுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், பத்தாம் வகுப்புத் தேர்வு வரை கல்யாணம் கூடாது, மூன்றே நிபந்தனை. உயர்நிலைப் பள்ளியில் பையன்களை மிஞ்சிப் பெண்கள் சேர்ந்தார்கள்.

வழிப்போக்கன்:
நடுவில் வருகிறேன், தென்றல் ரொம்பவும் கொண்டாட வேண்டாம். அந்த உதவித்தொகைக்குப் பிறகும் வங்கதேசத்தில் கிட்டத்தட்ட பாதிப் பெண்களுக்கு 18 வயதுக்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்பில் நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் வைத்து மார்தட்டக் கூடாது. கணக்கன் சாருக்கும் ஒன்று: பணம்தான் தடை என்றால், இரண்டு நாடுகளும் கல்விக்குச் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 2 சதவீதத்தைச் சுற்றித்தான்.

கணக்கன்:
அதே 2 சதவீதத்தைப் பாகிஸ்தானில் அதிகப் பிள்ளைகளுக்குப் பங்கு போட வேண்டும், அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

தென்றல்:
பங்கு போடட்டும், யாரும் தடுக்கவில்லை. 5 முதல் 16 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 2010-இல் அரசியலமைப்பிலேயே 25-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கு எத்தனையோ வருஷம் கழித்தும் யுனிசெப் சொன்ன கணக்கு: 2.28 கோடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே, அந்த வயதினரில் 44 சதவீதம், அதில் பெண்கள்தான் கூடுதல். பிள்ளைகள் அதிகம் என்பதுதான் காரணம் என்றால், ஒரே வீட்டில் அண்ணன் பள்ளிக்குப் போக, தங்கை மட்டும் வீட்டில் இருப்பது ஏன் என்று சொல்லுங்கள்.