கெர்னலை நினைவகத்தில் ஏற்றும் நிரலை மாணவர்களே எழுத வேண்டுமா?

காரைக்குடி மாணவி

வணக்கம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு சிறிய இயங்குதளத்தை எழுதி வருகிறோம். கணினி விழித்ததும் முதலில் ஓடும் பயாஸ், வட்டின் முதல் செக்டரான 512 பைட்டை 31744ஆம் முகவரியில் (பதினாறடிமான எண்ணில் 7சி00) ஏற்றித் தருகிறது. அந்த முதல் செக்டரிலுள்ள எங்கள் நிரல் (பூட் செக்டர்) அங்கிருந்து ஓடி, வட்டைப் படிக்கும் பயாஸ் சேவையான குறுக்கீடு 13ஐ (இதுவும் பதினாறடிமான எண்) அழைத்து, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் படித்து 4096ஆம் முகவரியில் வைத்துவிட்டு, செயலியின் 32 பிட் நிலையான புரொடெக்டட் மோடுக்கு மாறி, கெர்னலுக்குள் தாவுகிறது. எழுத்துரு அட்டவணையைச் சேர்க்கும் வரை எல்லாம் சரியாகவே நடந்தது. இப்போது கெர்னல் 61 செக்டர் அளவுக்கு வளர்ந்துவிட்டது. கணினியைப் போலவே நடிக்கும் கியூஎமு மென்பொருளில் "ஏற்றுகிறேன்" என்ற செய்தி வந்ததோடு எல்லாம் நின்றுவிடுகிறது. கெர்னல் முழுவதும் தேடிவிட்டோம், பிழை அகப்படவில்லை. கிரப் என்ற ஆயத்த ஏற்றியைப் போட்டுவிட்டு மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பாருங்கள் என்று வகுப்பில் பலரும் சொல்கிறார்கள். அதுதான் சரியா?

பள்ளத்தூர் பொறியாளர்

தங்கைக்கு: பிழை கெர்னலில் இல்லை. 4096 முதல் 31744 வரை உள்ள இடம் 27648 பைட்டு, அதாவது மிகச் சரியாக 54 செக்டர். உங்கள் கெர்னலின் 55ஆவது செக்டர், அதைப் படிக்கச் சொன்ன பூட் செக்டரின் மேலேயே ஒரு பைட்டுகூடப் பிசகாமல் வந்து உட்காருகிறது. பயாஸ் படித்து முடித்துத் திரும்பும்போது அங்கே உங்கள் ஏற்றி இல்லை. கெர்னலின் ஏதோ ஒரு பகுதி இருக்கிறது, அது எழுத்துருவின் புள்ளிகளாகவும் இருக்கலாம். செயலி அதையே கட்டளையாக எடுத்து ஓட்டுகிறது.

வகுப்புத் தோழர்கள் சொல்வதே என் கருத்தும். கிரப் அடையாளம் காணும் மல்டிபூட் தலைப்பு ஒன்றைக் கெர்னலின் முதல் 8192 பைட்டுக்குள் வைத்துவிட்டால், எல்ஃப் வடிவ நிரல் கோப்பைப் பிரித்து ஏற்றுவது, 1 மெகாபைட்டுக்கு மேலுள்ள நினைவகத்துக்கான ஏ20 வாயிலைத் திறப்பது, புரொடெக்டட் மோடுக்கு மாறுவது, நினைவகம் எங்கெங்கே காலியாக இருக்கிறது என்ற பட்டியலைத் தருவது ஆகிய அத்தனையையும் கிரப் செய்துவிடும். திட்டப்பணியின் பெயர் இயங்குதளம். ஏற்றியோடு மல்லுக்கட்டியே பருவம் முடிந்துவிட்டால் செயல்முறை அட்டவணைப்படுத்தலையும் (எந்த நிரல் எப்போது ஓடும் என்பது) பக்கமிடலையும் (நினைவகத்தைப் பக்கங்களாகப் பங்கிடுவது) எப்போது எழுதுவது?

தேவகோட்டை ஆசிரியர்

தம்பி பிழையைக் கண்டுபிடித்த விதம் அருமை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க முடிந்ததே, 31744இல் என்ன இருக்கிறது, யார் வைத்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததால்தான். கிரப்பிலிருந்து தொடங்கும் மாணவருக்கு அந்தக் கணக்கு எங்கிருந்து வரும்?

இதற்கான திருத்தம் மிகச் சிறியது. கெர்னலை 65536ஆம் முகவரியில் ஏற்றுங்கள். இணைப்பி நிரலிலும் (லிங்கர் ஸ்கிரிப்ட்) அதே முகவரியைக் கொடுங்கள். அங்கிருந்து 640 கிலோபைட் எல்லைக்குச் சற்று முன்பு பயாஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்ட பகுதி வரை ஐந்நூறு கிலோபைட்டுக்கு மேல் இடம் கிடைக்கும். இது புதிய சங்கடமும் அன்று. 1991இல் வந்த தொடக்ககால லினக்ஸின் பூட் செக்டர், விழித்தவுடன் செய்த முதல் வேலையே தன்னை வேறிடத்துக்கு நகலெடுத்துக்கொண்டு அங்கே தாவியதுதான். கெர்னலையும் முதலில் 65536இல் வைத்துவிட்டு, பயாஸின் உதவி இனித் தேவையில்லை என்ற நிலை வந்த பிறகே நினைவகத்தின் அடிக்கு இறக்கியது. இந்த வரிசை ஏன் மாறக்கூடாது என்று யோசித்துப் பார்க்கும் மாணவர், பயாஸ் அழைப்புகள் நம்பியிருக்கும் குறுக்கீட்டு அட்டவணை முகவரி பூஜ்யத்தில் இருப்பதைத் தானே உணர்ந்துவிடுவார்.

கிரப் எல்லாவற்றையும் செய்துவிடும் என்பதும் முழு உண்மையன்று. மல்டிபூட் விதி, செயற்கூறு அழைப்புகளுக்கான நினைவிடமாகிய ஸ்டாக்கை அமைத்துத் தருவதாகச் சொல்லவில்லை. நினைவகப் பகுதிகளை விவரிக்கும் செக்மென்ட் விவரிப்பி அட்டவணையும் செல்லுபடியாகும் என்று உறுதியளிக்கவில்லை. சொந்த அட்டவணையை அமைக்காமல் செக்மென்ட் பதிவகத்தைத் தொட்டால் இயந்திரம் மறுதுவக்கம் ஆகிவிடலாம். முன்பின் ஏற்றி எழுதாத மாணவர் அதைப் பார்த்துக் கிரப்பைத்தான் குறை சொல்வார்.

கண்டனூர் வாசகர்

இரண்டுக்கும் நடுவே எம்ஐடி பல்கலைக்கழகம் பாடத்துக்கென எழுதிய எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளம் இருக்கிறதே. அதன் பழைய, இன்டெல் செயலிகளுக்கான பதிப்பில் ஏற்றி என்பது ஓர் அசெம்பிளிக் கோப்பும் ஒரு சிறிய சி கோப்பும் மட்டுமே. எல்ஃப் தலைப்பை 65536இல் தற்காலிகமாகப் படித்துப் பார்த்து, ஒவ்வொரு பகுதியையும் அதற்குரிய முகவரியில் வைத்து, கோப்பில் இல்லாத மீதியைப் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டு நுழைவாயிலுக்குத் தாவுகிறது. ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம்.

பள்ளத்தூர் பொறியாளர்

கண்டனூர் நண்பர் நல்ல எடுத்துக்காட்டைத்தான் தந்திருக்கிறார். அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. அதே எக்ஸ்வி6 பின்னர் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு மாற்றப்பட்டபோது அந்த ஏற்றி காணாமல் போனது. கியூஎமுவே கெர்னலை நினைவகத்தில் வைத்து நுழைவு முகவரிக்கு அனுப்பிவிடுகிறது. இயங்குதளத்தைக் கற்பிப்பதற்கென்றே எழுதியவர்கள், இந்தப் பாடம் இல்லாமலும் வகுப்பு நடக்கும் என்று முடிவுசெய்திருக்கிறார்கள்.

ஐயா, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய பயாஸ் ஆதரவை 2020க்குள் கைவிடப்போவதாக இன்டெல் 2017இலேயே அறிவித்தது. இன்று வாங்கும் மடிக்கணினி பலவற்றில் 31744 என்ற பேச்சுக்கே இடமில்லை. பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ, ஃபேட் கோப்பு முறைமைப் பகிர்விலுள்ள ஒரு கோப்பைத் திறந்து ஓட்டுகிறது. கற்றுக்கொள்ள வேண்டிய நுணுக்கம் அங்கேயும் நிறைய இருக்கிறது. நினைவக வரைபடத்தை வாங்கும்போது ஒரு சாவி எண்ணும் சேர்ந்து வரும். அந்தச் சாவியைக் காட்டித்தான் ஃபெர்ம்வேரிடமிருந்து (இங்கே யூஇஎஃப்ஐ) விடைபெற வேண்டும். இடையே சிறிது நினைவகம் ஒதுக்கினாலும் வரைபடம் மாறி, சாவி காலாவதியாகிவிடும். விடை கிடைக்காது, மறுபடி வாங்க வேண்டும். கையால்தான் எழுதுவேன் என்பவர் இதை எழுதட்டும். 1980களின் இயந்திரத்துக்கு ஏன் எழுத வேண்டும்?

தேவகோட்டை ஆசிரியர்

யூஇஎஃப்ஐயில் நுணுக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே மாணவர் கண்விழிக்கும்போதே நினைவக ஒதுக்கீடும் கோப்பு முறைமையும் தயாராக நிற்கின்றன. ஒன்றுமே இல்லாத இடத்தில் முதல் கட்டளை எப்படி வந்து சேர்கிறது என்பதை அது காட்டாது. நம் ஊர் வீடுகளில் வந்தவரை முகப்புத் திண்ணையில் அமர்த்தி விசாரித்த பிறகே வளவுக்குள் அழைப்பதுபோல, முதல் செக்டர் வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு அடுத்த கட்ட ஏற்றியை உள்ளே அழைத்தால் போதும். எல்லாவற்றையும் 512 பைட்டுக்குள் திணிக்க வேண்டியதில்லை.

மாணவிக்கு ஓர் எச்சரிக்கை. கியூஎமுவில் ஓடியதை அப்படியே பென்டிரைவில் எழுதி ஆய்வகத்தின் பழைய மேசைக்கணினியில் செருகினால் ஓடாமல் போகக்கூடும். செக்டரின் தொடக்கத்தில் ஃபேட் விவரங்கள் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அங்கே தன் எண்களை எழுதிவிடும் பயாஸ்கள் உண்டு. முதலில் ஒரு தாவல் கட்டளையை வைத்து, 90ஆவது பைட்டு வரை காலியாக விடுங்கள். செக்மென்ட் பதிவகங்களில் பூஜ்யம் இருக்கும் என்றும் நம்பாதீர்கள், நீங்களே போடுங்கள்.

பள்ளத்தூர் பொறியாளர்

கணக்கைப் பாருங்கள். வட்டின் பகிர்வு அட்டவணை, முதல் செக்டரின் 446ஆவது பைட்டில் தொடங்குகிறது; அதற்கு முன் 90 பைட்டைக் காலியாக விட்டால் நிரலுக்கு மிஞ்சுவது 356. இதற்குள் படிப்புப் பிழையைக் கவனித்து மறுமுயற்சியும் செய்ய வேண்டும். மேலும் இவர்கள் பழைய முறையில் சிலிண்டர், ஹெட், செக்டர் என்று எண்ணிப் படிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஒரு டிராக்குக்கு 63 செக்டர் என்றால், முதலாவது போக 62தான் மீதி. கெர்னல் இப்போதே 61. டிராக்கைத் தாண்டி ஒரே அழைப்பில் படித்துத் தர எல்லா பயாஸும் ஒத்துக்கொள்வதில்லை.

காரைக்குடி மாணவி

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. ஆம், பழைய முறைதான். முகவரியை 65536க்கு மாற்றியதும் எழுத்துரு திரையில் வந்துவிட்டது. வட்டைத் தொடர் எண்ணால் படிக்கும் நீட்டிப்பு அழைப்புக்கு இன்று மாறுகிறோம். அதை இரண்டாம் கட்ட ஏற்றியில் வைத்துக்கொள்கிறோம். இன்னும் இரண்டு வாரத்தில் அதுவும் நிலைக்கவில்லை என்றால் மல்டிபூட் தலைப்பைச் சேர்த்துவிடலாம் என்று குழுவில் பேசியிருக்கிறோம். கெர்னலை எல்ஃப் கோப்பாகவே வைத்துக்கொண்டால் இரண்டு வழியிலும் ஏற்ற முடியுமா?

பள்ளத்தூர் பொறியாளர்

முடியும். இரண்டு நுழைவாயில் வையுங்கள். இரண்டும் சொந்த ஸ்டாக்கையும் சொந்த விவரிப்பி அட்டவணையையும் அமைத்துவிட்டு ஒரே சி செயற்கூற்றை அழைக்கட்டும். கெர்னலை 1 மெகாபைட் முகவரிக்கு இணைத்துவிடுங்கள், அதற்குக் கீழே கிரப்போடு மோத வேண்டாம். உங்கள் ஏற்றி, செயலி விழிக்கும்போது இருக்கும் ரியல் மோடில் அவ்வளவு உயரத்தில் நேரடியாக எழுத முடியாது. தாழ்ந்த நினைவகத்தில் படித்து, மோடு மாறிய பின் மேலே நகலெடுக்கட்டும்.

தேவகோட்டை ஆசிரியர்

ஏ20ஐத் திறந்துவிட்டு நகலெடுக்கட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி. திறக்காவிட்டால் 1 மெகாபைட்டில் எழுதுவதெல்லாம் பூஜ்யத்தில் போய் விழும்.