பெட்டை நாயின் பின்புற வீக்கம்: 'எருவாய்ப் பக்கப் பிதுக்கம்' பொருந்துமா?

வணக்கம் அண்ணாச்சி,

நம் அகராதியில் நாயின் 'perineal hernia'வுக்கு (மலவாய்க்குப் பக்கத்துத் தசை விலகி, உள்ளிருப்பது தோலுக்கு அடியில் புடைப்பது) நீங்கள் சொன்ன 'கவட்டுக் குடலிறக்கம்' எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது. கவடு என்றால் தொடை பிரியும் இடம். அங்கே வருவது வேறு பிதுக்கம். பெட்டைகளுக்கு அது இதைவிட அதிகம்; கருப்பையே அதில் இறங்கிவிடுவதும் உண்டு. நாம் பெயர் தேடும் கோளாறு வாலுக்கு அடியில், மலவாய்க்குப் பக்கத்தில் வருவது.

'குடல்' என்பதும் ஒத்துவராது. வீக்கத்துக்குள் வெறும் கொழுப்பு இருக்கலாம், மலக்குடல் ஒரு பக்கமாகப் புடைத்திருக்கலாம், சிறுநீர்ப்பை மடங்கி மாட்டியிருக்கலாம். சிறுநீர்ப்பை மாட்டி மூத்திரம் அடைத்தால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பெயரிலேயே குடல் இருந்தால், நாய் மூத்திரம் பெய்கிறதா என்று பார்க்க யாருக்குத் தோன்றும்?

கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் கன்னி, சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவர்கள் பெட்டைக்குப் பின்னால் எது வீங்கினாலும் 'அடி தள்ளிருச்சு' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மாட்டுக்குக் கருப்பை வெளியே தள்ளுவதைச் சொல்லிப் பழகிய சொல். அடி தள்ளினால் சிவந்த சதை ஈரமாக வெளியே தெரியும். இதிலோ மேல்தோல் அப்படியே இருக்கும். உள்ளே தசை விலகி, மலவாய்க்கு ஒரு பக்கம் மெத்தென்று புடைக்கும், சிலதுக்கு இரு பக்கமும். நாய் வெளிக்கு இருக்க முக்கி முக்கி நிற்கும். அதனால் 'தள்ளல்' வேறு, 'பிதுக்கம்' வேறு என்று அகராதியில் பிரித்தே வைப்போம்.

என் பரிந்துரை 'எருவாய்ப் பக்கப் பிதுக்கம்'. எருவாய் என்றால் மலவாய்; சித்த மருத்துவத்தில் புழங்கும் சொல்தான். 'பக்க' என்பதை எடுத்துவிட்டால் மலக்குடல் வெளித்தள்ளுவதோடு குழம்பிவிடும், அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அப்புறம், விளக்கக் குறிப்பில் ஒன்று கட்டாயம் வர வேண்டும். இது பெரும்பாலும் விதையெடுக்காத, வயதான கடுவன்களுக்கு வருவது. பெட்டைக்கு அந்த இடத்துத் தசை தடிமன், அதனால் அபூர்வம். வந்தால், வண்டியில் அடிபட்டதா, நாள்பட முக்கவைக்கும் வேறு நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். அந்தத் தசைக்கு 'இடுப்பு உதரவிதானம்' வேண்டாம், மூச்சுத்தசை நினைவுக்கு வருகிறது. 'இடுப்புத்தளத் தசை' போதும்.

அறுவை சிகிச்சையில் பக்கத்துத் தசையை எலும்பிலிருந்து பெயர்த்துத் திருப்பி, இடைவெளியை மூடித் தைப்பார்கள். அதற்கு 'தசைத் திருப்பம்' சரிவருமா? இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது குழுவில் இருந்தால் சொல்லுங்கள்.