பழைய காதலர் திரும்ப சந்திக்கிற டிவி படங்களும் நம்ம நிஜ அனுபவமும், உங்க கதையையும் சொல்லுங்க

காய்ச்சல்ல படுத்திருந்த ஒரு வாரமும் ஹால்மார்க்குன்னு ஒரு அமெரிக்க சேனல்ல வர்ற மாதிரி டிவி படங்களா பாத்துத் தள்ளிட்டேன், அதான் தியேட்டருக்கே வராம டிவிக்குன்னே எடுப்பாங்களே அது. பாத்த ஆறுல நாலு ஒரே கதை. சிட்டில பெரிய வேலைல இருக்கற பொண்ணு ஏதோ காரணத்துக்கு சொந்த ஊருக்கு வருவா, ஸ்கூல்ல லவ் பண்ண பையன் அங்கயே இருப்பான், ஒண்ணு தச்சு வேலை இல்லாட்டி கிறிஸ்துமஸ் மரத் தோட்டம், பொண்டாட்டி இருக்க மாட்டா, வயசுக்கு மீறி பேசுற ஒரு குட்டிப் பாப்பா மட்டும் இருக்கும். எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது, ஆனா பக்கத்துல உக்காந்து "இப்ப பாரு, அந்த ஃபோன் பேச்ச அவன் அரைகுறையா கேட்டுட்டு கோவிச்சுக்குவான்"னு சொல்லி வாய மூடல, கோவிச்சுக்கிட்டான்.

இந்தப் படங்கள்ல எனக்கு சிரிப்பு வர்ற இடம் ஒண்ணு உண்டு. பத்து வருஷம் கழிச்சு பாக்கறான், அவ கேக்காமயே அவளுக்குப் புடிச்ச மாதிரி காஃபி கொண்டுவந்து நீட்டுவான், இன்னும் ஞாபகம் வச்சிருக்கியான்னு அவ கண்ணு கலங்கும். நான் ஏன் சிரிக்கறேன்னா எனக்கும் இது நடந்திருக்கு, கொஞ்சம் வேற மாதிரி.

அப்பாவ ஸ்கேனுக்கு கூட்டிட்டுப் போயிருந்தேன், டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கேன், எதிர் வரிசைல அவரு, அவங்கம்மாவோட. பதினோரு வருஷம். எந்திரிச்சு வந்து பக்கத்து சீட்ல உக்காந்தாரு. பேசினது எல்லாமே சுகர் அளவு, பார்க்கிங், எந்த டாக்டர் நல்லா பாக்கறாரு, அவ்வளவுதான். திடீர்னு மேல பாத்துட்டு, "ஏசி நேரா அடிக்குதே, தலை வலி வந்துடுமே, இந்தப் பக்கம் மாறி உக்காரலாமே"ன்னாரு. எனக்கு ஏசில தலை வலிச்சதே கிடையாது, வாழ்க்கைல ஒரு தடவ கூட. அது வேற யாரோட தலைவலியோ தெரியல. நான் ஒண்ணும் சொல்லாம மாறி உக்காந்தேன்.

சரி, உங்களுக்கு நடந்தத சொல்லுங்க.

---

அக்கா அந்த தலைவலி மேட்டர் செம 😂 நான் இருக்கறது கனடால பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம், நீங்க பாத்த படத்துல பாதி இங்கதான் எடுக்கறாங்க, கதைல அது அமெரிக்காவுல ஏதோ ஒரு குட்டி ஊரா இருக்கும். படிக்கறப்ப ஒரு படத்துக்கு கூட்டத்துல நிக்கற எக்ஸ்ட்ராவா போனேன். ஜூலை மாசம், கொளுத்துற வெயிலு, எங்களுக்கு ஸ்வெட்டர், அது மேல கோட்டு, கழுத்துல மஃப்ளர். ரோட்டோரம் வெள்ளைப் போர்வைய உருட்டி விரிச்சாங்க பாருங்க, அதான் பனி, கேமரா கிட்டத்துல வர்ற எடத்துக்கு மட்டும் நுரை அடிப்பாங்க. கைல ஆளுக்கொரு பேப்பர் கப்பு, உள்ள ஒண்ணும் கிடையாது, ஆனா சூடா இருக்கற மாதிரி ஊதி ஊதிக் குடிக்கணும். பேசற மாதிரி வாய அசைக்கணும், சத்தம் வரக்கூடாது, பக்கத்துல நின்னவரும் நானும் ரெண்டு மணி நேரம் வாயசைச்சே ஃப்ரெண்டாயிட்டோம்.

இதுல காமெடி என்னன்னா இந்தப் படங்கள மூணு வாரத்துக்குள்ள எடுத்து முடிச்சுடுவாங்க, அதனால ஒரு எடத்துக்குப் போனா அங்க நடக்கற சீன் எல்லாத்தையும் மொத்தமா எடுத்துட்டுதான் அடுத்த எடம். அன்னிக்குக் காலைல மொதல்ல எடுத்ததே க்ளைமாக்ஸ் முத்தம், அது முடிஞ்சு சாப்பாடு, சாயங்காலம்தான் அதே தெருவுல "ரொம்ப வருஷம் கழிச்சு மொதல் தடவ பாக்கற" சீன். காலைல கட்டிப் புடிச்சவங்க சாயங்காலம் ஒருத்தர ஒருத்தர் அடையாளம் தெரியாத மாதிரி நின்னாங்க. அந்தப் பொண்ணு நெஜமாவே திகைச்சு நின்னுச்சுங்க, நடிப்புன்னே தோணல, நான் வாயசைக்கறத மறந்து பாத்துட்டு நின்னு திட்டு வாங்கினேன்.

---

உங்கம்மா கரெக்டா சொன்னதுல ஒரு கணக்கு இருக்குங்க. அமெரிக்க டிவில இதுக்கு ரெண்டு மணி நேர ஸ்லாட்டு, படம் என்னமோ ஏறக்குறைய 84 நிமிஷம்தான், மிச்சம் பூரா விளம்பரம். சேனல் மாத்திடக்கூடாதுன்னு ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னாடி ஒரு சின்ன இழுப்பு வச்சே எழுதுவாங்க, பெரிய சண்டை கடைசி பிரேக்க ஒட்டித்தான் வரும். ஓடிடில விளம்பரமே இல்லாம பாத்தாலும் நடுநடுவுல திரை ஒரு செகண்டு கறுப்பாகி வருமே, அது விளம்பரம் இருந்த எடம். ஹால்மார்க்கே 1910ல படம் போட்ட போஸ்ட்கார்டு வித்து ஆரம்பிச்சு, அப்புறம் வாழ்த்து அட்டைக்கு வந்த கம்பெனிதானே, டிவிக்கு 1951லயே வந்துட்டாங்க, இந்த சேனல் 2001ல. படம் ஒவ்வொண்ணும் ஒரு வாழ்த்து அட்டை மாதிரி இருக்குன்னு திட்டுறவங்கள பாத்தா எனக்கு சிரிப்புதான் வரும், வேற எப்படி இருக்கும்.

---

நான் பாத்தேன், அவரு என்ன பாக்கல, லிஃப்ட் கதவ நானே மூடிட்டேன். முடிஞ்சுது என் படம்.

---

நான் சப்டைட்டில் எழுதறவ. இந்த மாதிரி படம் வந்தா எனக்கு ஒரே தலைவேதனை, இங்கிலீஷ்ல 'யூ'ன்னு ஒரு வார்த்தைய வச்சு ஓட்டிட்டு போயிடறாங்க. தமிழ்ல அவங்க மொத மொத திரும்ப பாக்கறப்ப "எப்படி இருக்க"வா "எப்படி இருக்கீங்க"வா? ஸ்கூல்ல ஒண்ணா சுத்தினவங்க, நீன்னுதான் கூப்பிட்டிருப்பாங்க. ஆனா நடுவுல பன்னெண்டு வருஷம் போயிருக்கு, எடுத்ததும் நீன்னா உரிமை எடுத்துக்கற மாதிரி இருக்கு, நீங்கன்னா பாங்க்ல பேசற மாதிரி இருக்கு. ஒரு படத்துல ஆரம்பத்துல ரெண்டு பேருக்கும் நீங்க போட்டு, மழைல மாட்டிக்கிட்டு ஒரு கொட்டாய்ல நிக்கற சீன்ல அவ வாய்லேர்ந்து தன்னையறியாம நீன்னு வர்ற மாதிரி எழுதினேன், அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு எனக்கு. செக் பண்றவரு எல்லாத்தையும் ஒரே மாதிரி இருக்கணும்னு மொதல்லேர்ந்தே நீன்னு மாத்திட்டாரு. இன்னும் ஆறல.

அக்கா ஒண்ணு கேக்கணும், அவரு உங்கள என்னன்னு கூப்பிட்டாரு?

---

இத படிச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன்ப்பா. அவரு நீன்னும் சொல்லல, நீங்கன்னும் சொல்லல. "அப்பாவுக்கா?", "எத்தனாம் நம்பரு?", "இப்ப எங்க வேலை?", எல்லாமே இப்படித்தான், ஏசி விஷயத்துல கூட பாரு, மாறி உக்காருன்னு இல்ல, உக்காருங்கன்னும் இல்ல, "உக்காரலாமே". அப்ப எனக்கு இது ஒறைக்கவே இல்ல. நானும் அப்படியேதான் பேசியிருக்கேன், "அம்மாவுக்கு இப்ப பரவால்லயா", "வீடு மாத்தியாச்சா"ன்னு. இருபது நிமிஷம் ரெண்டு பேரும் அந்த ஒரு வார்த்தைய மிதிக்காம சுத்தி சுத்தி நடந்திருக்கோம்.

நம்பர் வாங்கினீங்களான்னு தனியா வேற ரெண்டு பேரு கேட்டிருக்கீங்க, இல்லப்பா வாங்கல. எங்க டோக்கன்தான் முதல்ல வந்துச்சு, அப்பாவ கைப்புடிச்சு எழுப்பினேன், அவரும் எந்திரிச்சு அப்பாவோட ஃபைல எடுத்து எங்கைல குடுத்தாரு. உள்ள போயிட்டு வெளிய வரப்ப அந்த சீட்ல வேற யாரோ உக்காந்திருந்தாங்க, ஏசி நேரா அடிச்சிட்டிருந்துது.