போன வாரம் பார்த்த படத்தில் இன்றைக்கு என்ன மிச்சம்?

'12 ஆங்ரி மென்' படத்தில் ஒரு காட்சி. கொலைப் பழி சுமத்தப்பட்ட பையன், சம்பவ நேரத்தில் தான் சினிமாவில் இருந்ததாகச் சொல்லியிருப்பான். என்ன படம், யார் நடித்தது என்று போலீஸ் கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை. அப்படியென்றால் பொய்தானே என்பது, தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு ஜூரிகளில் அவன் குற்றவாளி என்கிறவர்களின் வாதம். அவர்களிலேயே நிதானமாகப் பேசுகிறவர், தனக்கு வியர்க்காது என்று சொல்கிற ஒரு கண்ணாடிக்காரர். அவரைப் பிடித்து, பையன் பக்கம் பேசும் ஜூரியாக வரும் ஹென்றி ஃபோண்டா ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்க் கேட்பார்: நேற்று ராத்திரி என்ன செய்தீர்கள்? அதற்கு முந்தின ராத்திரி? அவரும் அந்த வாரம் படத்துக்குப் போயிருக்கிறார். இரண்டு படங்களில் ஒன்றின் பெயரைத் தப்பாகச் சொல்ல, இன்னொருவர் திருத்துவார். நடிகர்கள் பெயர் கேட்டால் இழுப்பார். நெற்றியில் வியர்வை. கைக்குட்டையை எடுத்து ஒற்றிக்கொள்வார்.

1957-இல் வந்த படம், நான் இப்போதுதான் பார்த்தேன். முடிந்ததும் என்னையே நான் விசாரித்துக்கொண்டேன். இந்த மாதம் பார்த்த மற்ற படங்களில் ஒன்றின் தலைப்பு சுத்தமாக வரவில்லை. துப்பாக்கியோடு ஒருத்தர் படியில் இறங்கி வந்தார், அவ்வளவுதான்.

அதனால் இங்கே ஒரு வேண்டுகோள். கதைச் சுருக்கம் வேண்டாம், ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்ற கணக்கும் வேண்டாம். சமீபத்தில் பார்த்த படத்தில், எங்கேயும் தேடிப் பார்க்காமல், உங்களிடம் ஒட்டிக்கொண்டிருப்பது எதுவோ அதை எழுதுங்கள். பழைய படமானாலும் சரி. முடிவைப் போட்டு உடைக்கிறவர்கள் மட்டும் முதலிலேயே எச்சரித்துவிடுங்கள்.

* * *

அதே படத்தில் எனக்கு ஒட்டியது மின்விசிறி. நல்ல புழுக்கம், ஆரம்பத்தில் சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓடவில்லை என்று விட்டுவிடுவார்கள். நேரம் போய், மழை வந்து, அறை இருட்டியதும் விளக்கைப் போடுவார்கள். ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். விளக்குக்கும் அதற்கும் ஒரே இணைப்பு! பன்னிரண்டு பேர் இருந்தும் அதுவரை ஒருத்தருக்கும் விளக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. படத்தின் விஷயமே அதுதானே, எல்லோரும் அவரவர் பார்த்த ஒன்றை வைத்துக்கொண்டு முடிவு கட்டிவிடுவது.

இயக்குநர் சிட்னி லூமெட் இதை எப்படி எடுத்தேன் என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். முதல் பகுதியில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே, நடுப்பகுதியில் கண் மட்டத்தில், கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே. லென்ஸையும் படிப்படியாக நீளமானதாக மாற்றிக்கொண்டே போயிருக்கிறார். அதனால் சுவர்கள் நெருங்கி வருகிற மாதிரி இருக்கும், கடைசியில் கூரைகூடத் தலைக்கு மேல் தெரியும். பார்க்கும்போது இதெல்லாம் கண்ணில் படாது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்ற வேண்டும் போலிருக்கும், அதோடு சரி.

* * *

எச்சரிக்கை: முடிவைச் சொல்லப் போகிறேன்.

'சில்ரன் ஆஃப் ஹெவன்', ஈரானியப் படம், இயக்கியவர் மஜித் மஜிதி, 1997. தங்கையின் செருப்பை அண்ணன் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொல்ல முடியாது. இருக்கிற ஒரே ஜோடி ஷூவை, காலையில் அவள், மதியம் அவன் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஷூ என்று தெரிந்ததும் அவன் மூன்றாவதாக வருவதற்காகவே ஓடுவான். முதலாவதாக வந்துவிடுவான். எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள், அவன் அழுவான். வீட்டுக்கு வந்து புண்ணான பாதங்களைத் தொட்டித் தண்ணீரில் வைப்பான், மீன்கள் வந்து சூழும். படம் முடிந்தது.

எனக்கு ஒரே ஆற்றாமை. இப்படி வெறுங்கையோடா விடுவது என்று அக்காவிடம் பொருமினேன். "நீ அந்தச் சைக்கிளைப் பார்க்கவே இல்லையாடா?" என்றாள். எந்தச் சைக்கிள்? படத்தைப் பின்னால் ஓட்டிக் காட்டினாள். கடைசிக்குச் சற்று முன்னால், வீடு திரும்பும் அப்பாவின் சைக்கிளில் புது ஷூக்கள் இருக்கின்றன. இரண்டு பேருக்கும். கண் சிமிட்டினால் போய்விடும், ஒரு வசனமோ இசையோ அதைச் சுட்டிக்காட்டாது. பையனுக்கு அது இன்னும் தெரியாது. நமக்குத் தெரியும், அதுவும் பார்த்திருந்தால்தான்.

அந்த ஒரு ஷாட்டைப் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் இது வேறு வேறு படம். இயக்குநர் அதை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம் என்று அக்கா சொல்கிறாள். கூடாது என்பது என் கட்சி.

* * *

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன். 'டோக்கியோ ஸ்டோரி', பழைய ஜப்பானியப் படம். உலகத்தின் சிறந்த படங்கள் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். கேமரா தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. நகர மாட்டேன் என்கிறது. வயதான அப்பா அம்மா ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை. புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

என்னிடம் மிச்சமிருப்பது விசிறி. எல்லோரும் விசிறிக்கொண்டே பேசுகிறார்கள். அவ்வளவுதான்.

* * *

தூங்கினால் தப்பில்லை, ஆனால் தூங்கியது எந்த இடத்தில் என்பது முக்கியம். அந்தக் கடற்கரை விடுதி வரைக்கும் பார்த்தீர்களா?

பெற்றோரை வீட்டில் வைத்துக்கொள்வது சிரமமாகிவிட, பிள்ளைகள் பணம் போட்டு அவர்களை அத்தாமி என்ற ஊரிலுள்ள வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைப்பார்கள். பார்க்க உபசாரம் மாதிரி இருக்கும். ராத்திரி முழுக்க மற்ற அறைகளில் கும்மாளம், இவர்களுக்குத் தூக்கமே வராது. மறுநாள் காலையில் கடலோரத் தடுப்புச் சுவரில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பேச்சு வரும். எழுந்திருக்கும்போது அம்மா லேசாகத் தடுமாறுவாள். தூக்கம் சரியில்லை, அதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். நெருக்கக் காட்சி இல்லை, இசை ஏறுவதில்லை. அந்தத் தடுமாற்றத்தில்தான் மீதிப் படமே இருக்கிறது.

அதற்கு முன்னால் இன்னொன்று. பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போவாள். சின்னவன் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பான். பெரியவனானதும் நீ என்ன ஆவாய், உன் அப்பாவைப் போல டாக்டராவாயா என்று கேட்பாள். அவன் காதிலேயே வாங்க மாட்டான். நீ டாக்டராகும்போது நான் இருப்பேனோ என்னவோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இயக்குநர் ஓஸு இந்தப் படத்தை 1953-இல் எடுத்தார். நான் பார்த்தபோது என் பெண் பக்கத்தில் போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ கேட்டேன், அவளும் காதில் வாங்கவில்லை.

* * *

எங்கள் வீட்டில் 'ஜாஸ்'. பையன் "சுறா எப்பப்பா வரும்?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் முழுசாகக் காட்டவில்லையே! ஸ்பீல்பெர்க் வேண்டுமென்றே செய்ததில்லை இது. கடலுக்குள் இறக்கிய இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்ததால், அது இல்லாமலே சமாளித்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்த மஞ்சள் பீப்பாய் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும்போது பையன் காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டான். 1975-இன் தந்திரம் இன்னும் வேலை செய்கிறது. கடைசியில் சுறா வந்ததும், "இதானா?" என்றான்.

* * *

'பேசும் படம்', 1987, சிங்கீதம் சீனிவாச ராவ். எங்கள் பெரியப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. எந்தப் படம் போட்டாலும் "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும். இந்தப் படத்தில் வசனமே இல்லை. அன்றைக்கு அவர்தான் எங்களுக்கு முன்னால் சிரித்தார். ஐஸ் கத்தியோடு கொல்ல வருகிறவன் காத்திருக்க, கத்தி உருகிக்கொண்டே போகிறதே, அந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

எனக்கு நின்றது வேறொன்று. பணக்கார ஹோட்டல் அறையில் கமலுக்குத் தூக்கம் வராது, அவ்வளவு அமைதி. அவர் குடியிருந்த இடம் தியேட்டருக்குப் பக்கத்தில், தினமும் சண்டைச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர். அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுவந்து ஓடவிட்ட பிறகுதான் கண் சொக்கும். இதை வசனத்தில் சொல்லியிருந்தால் ஒரு வரி நகைச்சுவை. பேச்சில்லாததால் நாமே கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது.

* * *

பேச்சில்லாத படம் சரி, பாட்டில்லாத படம் பார்த்தீர்களா? 'அந்த நாள்', 1954, வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. சிவாஜியை ஆரம்பத்திலேயே சுட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒவ்வொருத்தரும் தங்கள் பங்குக்குக் கதை சொல்ல, ஒவ்வொரு கதையிலும் வேறொரு சிவாஜி. படம் முடிந்த பிறகுதான் பாட்டு ஒன்றுகூட வரவில்லை என்று உறைத்தது. அந்தக் காலத்துப் படங்கள் என்றாலே இழுவை என்கிறவர்கள் இதன் முதல் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

* * *

தலைப்பு தெரியாத படம் என்னுடையது. டிவியில் சேனல் மாற்றிக்கொண்டே வந்தபோது கறுப்பு வெள்ளையில் ஒரு காட்சி. பனி கொட்டுகிறது. தொப்பி, கோட்டு போட்ட வயதானவர் ஒருவர் ராத்திரியில் தனியாக ஊஞ்சலில் ஆடிக்கொண்டே மெதுவாகப் பாடுகிறார். முன்பின் எதுவும் தெரியாது, ஜப்பான் படம் என்று நினைக்கிறேன். யாருக்காவது தெரியுமா?

* * *

'இகிரு'. குரோசவா, 1952. நடித்தவர் தகாஷி ஷிமுரா, 'செவன் சாமுராய்'யில் அந்த ஏழு பேருக்குத் தலைவராக வருகிறவர்.

நீங்கள் பார்த்தது கிட்டத்தட்ட முடிவு. காலம் முழுக்க கோப்புகளில் முத்திரை குத்தியே கழித்த நகராட்சி அதிகாரி அவர். வயிற்றில் புற்றுநோய், கொஞ்ச காலம்தான் என்று தெரிந்த பிறகு, அலுவலகத்தில் மேஜை மேஜையாகத் தள்ளப்பட்ட ஒரு மனுவைக் கையில் எடுத்துக் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா கட்ட வைப்பார். ஊஞ்சல் அந்தப் பூங்காவில்தான்.

ஆனால் முழுப் படத்தையும் பார்த்தால் வேறொரு இடத்தில் அடி விழும். படம் பாதி தாண்டியதுமே அவர் இறந்துவிடுவார். மீதி முழுக்க அவருடைய துக்க வீட்டில் சக ஊழியர்கள் குடித்துக்கொண்டே, பூங்கா யாரால் வந்தது என்று வாதாடுகிறார்கள். மேலதிகாரிகள் பெருமையைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். போதை ஏற ஏற மற்றவர்களுக்கு உண்மை புரியும், நாமும் அவரைப் போல வேலை செய்யப்போகிறோம் என்று அழுது சபதம் எடுப்பார்கள். மறுநாள் அலுவலகம். ஒரு மனு வருகிறது. அது வேறு பிரிவு, அங்கே போய்க் கேளுங்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஊஞ்சல் காட்சியை விட எனக்கு இதுதான் கூசியது.

* * *

நான் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறவன். திட்டாதீர்கள். நிறையப் பார்க்கிறேன், கதை எல்லாம் தெரிகிறது. இங்கே வந்து எழுத உட்கார்ந்தால் காட்சியாக ஒன்றும் வரவில்லை, யார் கொலைகாரன் என்பது மட்டும் வரிசையாக வருகிறது.

* * *

வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் பாலுமகேந்திராவின் 'வீடு' பார்க்கக் கூடாது என்று யாராவது எழுதி ஒட்ட வேண்டும். நான் பார்த்தேன், அதுவும் தளம் போட்ட வாரத்தில். கான்ட்ராக்டர் சிமெண்டில் கை வைக்கிறான் என்று அங்கே வேலை செய்யும் பெண் வந்து சொன்னதும் படத்தை நிறுத்திவிட்டு எங்கள் மூட்டைகளை எண்ணப் போனேன். மனைவி சிரிக்கிறாள்.

திரும்ப வந்து மீதியைப் பார்த்தபோது சிரிப்பு இல்லை. (முடிவு இல்லை, ஆனாலும் முக்கியமான இடம், வேண்டாதவர்கள் தாண்டிவிடுங்கள்.) தாத்தாவாக வருகிற சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பி வருவார். பூசாத சுவரைத் தடவிப் பார்ப்பார். ஒவ்வொரு அறையாகப் போவார். கதவு கிடையாது, தரை கிடையாது, அவர் முகத்தில் மட்டும் வீடு முடிந்துவிட்டிருக்கும். அதற்கப்புறம் அவர் வீடு திரும்புவதில்லை. நிலச் சிக்கல், நீதிமன்றம் என்று படம் அதன் பிறகும் போகிறது. வீடு கட்டுகிற பேத்தியாக வரும் அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் எனக்கு அந்தச் சுவரைத் தடவிய கைதான். மறுநாள் எங்கள் கட்டடத்துக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். அவர் சுவரைத் தடவவில்லை. ஜன்னல் சின்னதாக இருக்கிறது என்றார்.

* * *

டோக்கியோவில் தூங்கியவன்தான் மறுபடியும். அத்தாமி விடுதிக்கு முன்பே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது, அந்தப் பெயரே காதில் விழுந்த ஞாபகம் இல்லை. பாட்டியும் பேரனும் மேட்டில் நிற்பது மட்டும் லேசாக வருகிறது. சரி, அங்கிருந்து கடல் சுவர் வரைக்கும் பார்க்கிறேன். அம்மா தடுமாறுகிற இடத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் இங்கேயே வந்து சொல்வேன், அப்போது யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.